‘சமாதானம் எங்கேப்பா?’

ராணிப்பேட்டைக்குப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். கோடு போட்ட தாளில், நீல மையில், ஆறு பக்கம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 59 வயது. தொழிற்சாலை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பாஸ்டரேட் கமிட்டி, அதாவது சபை நிர்வாகக் குழு உறுப்பினர். சபைப் போதகரான ஆயர் வெளியூர் போனால் அன்றைக்குப் பிரசங்கம் இவர்தான். ஆற்காடு மிஷன் என்ற மிஷனெரி அமைப்பு வந்த புதிதில் கிறிஸ்தவத்துக்கு வந்த குடும்பம். மகனுக்கு 26 வயது, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே. போன டிசம்பர் கேரல் ஆராதனையில் ஏசாயா தீர்க்கதரிசியின் 9-ம் அதிகாரத்தை வாசிக்கச் சொல்லி அவனை நிறுத்தியிருக்கிறார்கள். ‘நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்’ என்று கணீரென்று ஆரம்பித்தவன், அடுத்த வசனத்தில் ‘அதின் சமாதானத்துக்கும் முடிவில்லை’ என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டான். மைக்கின் இரைச்சல் மட்டும் கேட்டதாம். வேதாகமத்தை மூடிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டான். ராத்திரி வீட்டில் கேட்டதற்கு, “சமாதானம் எங்கேப்பா? டிவியப் போட்டுப் பாருங்க. இயேசுவ எனக்குப் பிடிக்கும். ஆனா வாக்குப்பண்ணின மேசியா அவர்தான்னு என்னால வாயால சொல்ல முடியல” என்றிருக்கிறான். (மேசியா என்றால், வரப்போவதாகத் தீர்க்கதரிசிகள் சொன்ன மீட்பர்.) அன்றிலிருந்து ஆலயத்தில் அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து எடுப்பதில்லை.

மே மாதம் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் குடியாத்தம் பக்கம், அதே சபைதான். தகப்பனார் யோசித்து வைத்திருப்பவை நான்கு. பிசாசை விரட்டுவதாக விடுதலை ஜெபம் செய்கிற ஓர் ஊழியக்காரரை வீட்டுக்கு அழைப்பது. பெண் வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணத்தை முடித்துவிடுவது. வழிக்கு வராவிட்டால் வீட்டை மகள் பேருக்கு எழுதிவிடுவது. பெரிய வெள்ளியன்று, பாடுபடும் ‘தாசன்’ ஒருவரைப் பற்றிய ஏசாயா 53-ஐ அவனையே வாசிக்க வைப்பது. ‘வாசித்தால் உடைந்துவிடுவான்’ என்று எழுதியிருக்கிறார்.

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ‘சபையில் தலைகாட்ட முடியவில்லை’ என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மகன் கேட்ட கேள்வி ஒரே இடத்தில்தான் வருகிறது, அதுவும் மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பிள்ளை வேதம் வாசிக்கிற லெக்டர்ன் முன்னால் வாயடைத்து நின்றால் எந்தத் தகப்பனுக்கும் முகம் சிவக்கும். ஆனால் நீங்கள் போட்டிருக்கிற நான்கு திட்டமும் தலைகாட்ட முடியாத பிரச்சினைக்கான வைத்தியம். கேள்விக்கு அதில் மருந்து இல்லை.

முதலில், மனநலம் பார்க்கிற என் தொழில் சம்பந்தப்பட்டதைச் சொல்லிவிடுகிறேன். அவன் நன்றாகச் சாப்பிடுகிறான், தூங்குகிறான், வேலைக்குப் போகிறான், தங்கையோடு சிரித்துப் பேசுகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு நோயில்லை. நோயில்லாதவனை நடுவீட்டில் உட்காரவைத்து, நாலு பேர் தலையில் கைவைத்துக் கத்தி ஜெபித்தால், அவன் அப்பாவின் வீட்டுக்கு வருவதை நிறுத்துவான். அப்படி வந்து நின்ற பிள்ளைகளை இந்த அறையில் பார்த்திருக்கிறேன். 26 வயது ஆண். எதை நம்புவது, எதை நம்பாமல் இருப்பது என்பது அரசியலமைப்பின் 25-வது பிரிவு அவனுக்குத் தருகிற மனசாட்சி உரிமை. ஊழியக்காரரை அழைக்க வேண்டாம்.

காரணம் நண்பர்கள் அல்ல

‘மேல்விஷாரத்து நண்பர்கள்தான் கெடுத்துவிட்டார்கள்’ என்று அவனுடைய முஸ்லிம் நண்பர்களைச் சொல்கிறீர்கள். ஐயா, இது கொஞ்சம் வேடிக்கையான சந்தேகம். இயேசுவை மேசியா இல்லை என்று முஸ்லிம்கள் சொல்வதில்லை. குர்ஆன் அவரை ‘அல் மஸீஹ்’ என்றே அழைக்கிறது. ஈஸா அல் மஸீஹ், மரியத்தின் மகன். அவர் தேவகுமாரன் என்பதிலும் சிலுவையிலும்தான் அவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு. உங்கள் மகன் கேட்பது யூதர்கள் ஏறக்குறைய 2000 வருஷமாகக் கேட்கிற கேள்வி. மேசியா வந்தால் பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள் என்று ஏசாயா சொன்னாரே, சிதறிய ஜனம் கூடிவரும் என்றாரே, நடந்ததா என்பது அவர்கள் வாதம். 12-ம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர் (தொழிலால் மருத்துவர்) இதை வரிசைப்படுத்தியே எழுதிவைத்தார்: ஆலயத்தைத் திரும்பக் கட்டி, சிதறிய இஸ்ரவேலைச் சேர்ப்பவர் எவரோ அவரே மேசியா. இன்றைக்கு அந்த வாதமெல்லாம் போனில் வீடியோவாகக் கிடைக்கிறது. அதற்கு நண்பன் தேவையில்லை. அந்தப் பையன்களை வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தால், தயவுசெய்து திரும்பக் கூப்பிடுங்கள். ரம்ஜான் நோன்பு முடிந்து பிரியாணி கொடுத்தனுப்புகிற வீடு அது என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

இன்னொன்று. ‘யூதர்கள் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்ட ஜனம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பிரசங்கத்திலும் இப்படிச் சொல்வீர்களோ என்று பயமாக இருக்கிறது. இந்த வாக்கியம் ஐரோப்பாவில் எத்தனை நூற்றாண்டு ரத்தம் சிந்த வைத்தது என்பது வரலாறு. கத்தோலிக்கத் திருச்சபை 1965-ல் வத்திக்கான் சங்கத்தில், இயேசுவின் மரணப் பழியை யூதர் அத்தனை பேர் மேலும் போடக்கூடாது என்று எழுத்திலேயே சொல்லிவிட்டது. உங்கள் மகன் அவர்களுடைய வாதத்தைக் கேட்டிருக்கிறான். நீங்கள் அவர்களைத் திட்டினால், அந்தத் திட்டு தனக்கும் சேர்த்துத்தான் என்று அவன் எடுத்துக்கொள்வான்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியல்

‘நிறைவேறிய 300 தீர்க்கதரிசனங்கள்’ என்று ஒரு பிடிஎஃப் அனுப்பினீர்களாம். அதற்கு அவன், இயேசு கழுதைமேல் எருசலேமுக்குள் வந்த குருத்தோலை ஞாயிறை வைத்துப் பதில் போட்டானாம்: “மத்தேயு 21-ல கழுதையும் குட்டியும் ரெண்டையும் கொண்டுவந்து, அவைகள் மேல ஏத்தினாங்கன்னு இருக்கு. ஒரு ஆள் எப்படிப்பா ரெண்டு கழுதை மேல போவாரு?” இதை நக்கல் என்று எழுதியிருக்கிறீர்கள். நக்கல்தான். ஆனால் கூர்ந்து படிக்கிறவன் செய்கிற நக்கல். மத்தேயு அங்கே மேற்கோள் காட்டுகிற சகரியா தீர்க்கதரிசியின் வசனம் எபிரெயக் கவிதை. ஒரே விஷயத்தை இரண்டு வரியில், வார்த்தை மாற்றி இரண்டு தடவை சொல்வது அதன் வழக்கம். ‘கழுதையின்மேலும், கழுதைக்குட்டியின்மேலும்’ என்றால் அங்கே ஒரு மிருகம்தான். மாற்கும் லூக்காவும் ஒரு குட்டியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மத்தேயு இரண்டையும் வைக்கிறார். ஏன் வைத்தார் என்று வேத பண்டிதர்கள் இன்னும் பேசுகிறார்கள். இதைச் சொல்லியிருந்தால் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து சிரித்திருக்கலாம்.

ஏசாயா 7:14-ம் இதே மாதிரி. ‘ஒரு கன்னிகை கர்ப்பவதியாகி’ என்று நாம் வாசிக்கிறோம். எபிரெயத்தில் இருக்கிற ‘அல்மா’ என்ற சொல்லுக்கு இளம்பெண் என்று பொருள். இயேசுவுக்கு முன்பே கிரேக்கத்தில் மொழிபெயர்த்த யூதர்கள் அங்கே கன்னி என்ற சொல்லைப் போட்டார்கள். மத்தேயு எடுத்தாண்டது அதைத்தான். ஏசாயா அந்த வார்த்தையைச் சொன்னது ஆகாஸ் ராஜாவிடம், எருசலேம் முற்றுகைக்குப் பயந்து நடுங்கிக்கொண்டிருந்த வேளையில். இதெல்லாம் யாரும் மறைத்துவைத்த ரகசியமில்லை, இறையியல் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிற பாடம். உங்கள் ஆயருக்குத் தெரியும். பிரசங்கத்தில் சொல்வதில்லை, அவ்வளவுதான். சொல்லாமல் விட்டதற்கான விலையை இப்போது உங்கள் வீட்டில் கொடுக்கிறீர்கள்.

பட்டியல் ஏன் உதவாது என்றால், மேசியா என்பதே ஒரே ஆளுக்கான விண்ணப்பப் படிவமாக இருந்ததில்லை. மாஷியாக் என்றால் எண்ணெய் ஊற்றப்பட்டவர், அபிஷேகம் பண்ணப்பட்டவர். கிரேக்கத்தில் கிறிஸ்தோஸ்; அதுதான் நம் வாயில் கிறிஸ்து. ராஜாக்களுக்கும் ஆசாரியர்களுக்கும் அந்த எண்ணெய் ஊற்றினார்கள். தன்னைக் கொல்லத் தேடிய சவுலைக் கையில் கிடைத்தும் தாவீது விட்டுவிட்டது, அவர் ‘கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர்’ என்பதால். ஏசாயா 45-ல் அதே பட்டம் கோரேசுக்குக் கிடைக்கிறது. அவர் பாரசீக ராஜா, இஸ்ரவேலின் தேவனை அறியாதவர். இயேசுவின் காலத்திலும் எதிர்பார்ப்பு ஒன்றாக இல்லை. ரோமனை விரட்டும் தாவீதின் குமாரனுக்காகக் காத்திருந்தார்கள் ஒரு சாரார். சவக்கடல் ஓரத்தில் கும்ரானில் இருந்தவர்களின் சுருள்கள் 1947 முதல் கிடைத்தன. அவர்கள் ஆசாரியர் ஒருவர், ராஜா ஒருவர் என்று இரண்டு பேரை எதிர்பார்த்திருந்தார்கள். இயேசுவுக்கு நூறு வருஷம் கழித்து, 132-ல் ரோமுக்கு எதிராக எழும்பிய பார் கோக்பாவை யூத குருவான ரபி அகிவா மேசியா என்று சொன்னதாக யூத மரபு சொல்கிறது. மூன்று வருஷத்தில் அந்தக் கலகத்தை ரோமர்கள் நசுக்கினார்கள்.

அப்படியானால் சீஷர்கள் எதை வைத்து இயேசுவை மேசியா என்றார்கள்? பட்டியலில் டிக் போட்டு அல்ல. சிலுவையைப் பார்த்ததும் அவர்கள் கணக்கு தப்பிப்போயிற்று. எம்மா என்ற ஊருக்குப் போகிற வழியில் சீஷர்கள் இரண்டு பேர் பேசுவதைப் பாருங்கள்: அவரே இஸ்ரவேலை மீட்பவர் என்று ‘நம்பியிருந்தோம்’. இறந்தகாலம். உயிர்த்தெழுந்தார் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் திரும்பிப் போய்ப் பழைய வசனங்களைத் தேடி, ‘ஐயோ, இது இதைத்தான் சொன்னதோ’ என்று படித்தார்கள். முதலில் ஆள், பிறகு வசனம். நாம் சபையில் அதைத் தலைகீழாக, வசனத்தால் ஆளை நிரூபிப்பதாகச் சொல்லிக்கொடுக்கிறோம். கணக்குப் போட்டுப் பழகிய பிள்ளை அதில் ஓட்டை கண்டுபிடித்துவிடுகிறான்.

சமாதானம் எங்கே என்றால்

இதற்கு மழுப்பாத பதில்: இன்னும் வரவில்லை. கிறிஸ்தவ நம்பிக்கை அதை ஒத்துக்கொள்கிறது. திருவிருந்து ஆராதனையில் கிறிஸ்து மரித்தார், உயிர்த்தெழுந்தார், மீண்டும் வருவார் என்று வாரா வாரம் சொல்கிறோமே, அந்த மூன்றாவது வாக்கியம் என்ன? வேலை பாதியில் இருக்கிறது என்கிற ஒப்புதல்தானே. ராஜ்யம் வித்தாக விழுந்துவிட்டது, அறுவடை வரவில்லை என்பது நம் பதில். வந்துவிட்டுப் போய், பாதியை விட்டுவிட்டு, திரும்பவும் வருவார் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது என்பது யூதர்களின் மறுகேள்வி. அதுவும் நியாயமான கேள்விதான். நான் கிறிஸ்தவள், முதல் பதிலில் நிற்கிறேன். இரண்டாவது கேள்வி கேட்பவனை முட்டாள் என்று என்னால் சொல்ல முடியாது.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் யார் தெரியுமா? உங்களுக்குத் தெரியும், இதை வைத்துப் பிரசங்கமே பண்ணியிருப்பீர்கள். சிறையில் கிடந்த யோவான் ஸ்நானன். யோர்தானில் இயேசுவைக் கைகாட்டியவர் அவர்தான். ஆனால் ஏரோது ராஜாவின் சிறையில் விழுந்ததும் ஆளனுப்பிக் கேட்டார்: ‘வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?’ மேசியா வந்தால் கட்டுண்டவர்களுக்கு விடுதலை என்றார்களே, நான் இன்னும் உள்ளே இருக்கிறேனே என்பதுதான் அதன் அர்த்தம். இயேசு கோபித்துக்கொள்ளவில்லை. குருடர் பார்க்கிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், கண்டதைப் போய்ச் சொல்லுங்கள் என்றார். சிறைக்கதவு திறக்கவும் இல்லை. கேட்ட யோவானை அதே மூச்சில், ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் அவனைப்போல் பெரியவன் இல்லை என்று ஜனங்களிடம் புகழ்ந்தார்.

சட்டமும் கல்யாணமும்

நான் வக்கீல் இல்லை. கமிட்டியில் இருக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அளவு மட்டும் சொல்கிறேன். ‘விசுவாசத்தை விட்டவனுக்குச் சொத்தில் பங்கில்லை’ என்பது தவறு. நீங்கள் சம்பாதித்துக் கட்டிய வீட்டை உயில் எழுதி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் தடுக்காது. உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன் திருவிருந்து எடுத்தானா என்று அந்தச் சட்டம் கேட்காது. உங்களால் முடியும் என்பது வேறு, செய்யலாமா என்பது வேறு. மகளையும் மகனையும் ஆயுசுக்கும் பேசவிடாமல் செய்ய இதைவிடச் சுலபமான வழி இல்லை.

கல்யாணம் செல்லுபடியாகாதோ என்று பயப்படுகிறீர்கள். 1872-ம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும். சபையின் விதி தனி. அதை ஆயர்தான் சொல்ல வேண்டும். ஆலயத்தில் முடியாது என்றானால் 1954-ம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, 30 நாள் முன்னறிவிப்போடு.

ஆனால் மறைத்துக் கல்யாணம் பண்ணுகிற யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிற பெண் அவள் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமான மூன்றாவது வாரம் பீடத்தின் முன்னால் அவள் மட்டும் தனியாக முழங்கால்படியிட்டு, புருஷன் பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஆலயத்தில் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசிப்பதற்கு முன்னால் அவனே அவளிடம் சொல்ல வேண்டும். நீங்கள் போய்ச் சொல்லக்கூடாது, தரகர் மூலமும் கூடாது. அவள் ‘யோசிக்க வேண்டும்’ என்று சொன்னால் மே மாதம் ஆகஸ்டாகட்டும். வேண்டாம் என்று சொன்னாலும், மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸோடு போகும்.

ஒரு அடித்த வரி

உங்கள் ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரியை எழுதி, கோடு போட்டு அடித்திருக்கிறீர்கள். வெளிச்சத்தில் பிடித்தால் படிக்க முடிகிறது: ‘எங்க அம்மா இறந்துபோன வருஷம் எனக்கும் கொஞ்ச நாள் இப்படித்தான்’. அதற்குமேல் எழுதவில்லை. அடித்ததைப் படித்ததற்கு மன்னியுங்கள், ஆனால் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். மகனிடம் சொல்ல வேண்டியது அந்த 300-ல் எதுவும் இல்லை, இது ஒன்றுதான். அப்போது என்ன கேட்டீர்கள், யாரிடமும் சொன்னீர்களா, எப்படித் திரும்பி வந்தீர்கள், முழுக்கத் திரும்பி வந்தீர்களா? அவனை ஜெயிப்பதற்காகச் சொல்ல வேண்டாம்.

‘எங்கள் பரம்பரையில் இப்படி ஒருவன் பிறந்ததில்லை’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிறந்திருக்கிறார் ஐயா. அமெரிக்க மிஷனெரிகளான ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கியது 1853-ல். அந்தக் காலத்தில் ஒருநாள் உங்கள் முப்பாட்டனார் தன் அப்பா முன்னால் நின்று, ‘நீங்கள் கும்பிடுவதை இனிமேல் என்னால் கும்பிட முடியாது’ என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த அப்பாவும் ஊரில் தலைகாட்ட முடியாமல்தான் இருந்திருப்பார்.

பெரிய வெள்ளி விஷயம். புதிய ஏற்பாட்டில் வருகிற எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து இதே ஏசாயா 53-ஐத்தான் வாசித்தார். தீர்க்கதரிசி யாரைப் பற்றிச் சொல்கிறார், தன்னைப் பற்றியா, வேறொருவரைப் பற்றியா என்று பிலிப்பு என்ற சுவிசேஷகரிடம் கேட்டார். யூதர்களில் பலர் அந்தத் தாசன் இஸ்ரவேல் ஜனமே என்பார்கள். நாலு அதிகாரம் முன்னால், 49:3-ல் ‘நீ என் தாசன்; இஸ்ரவேலே’ என்றே இருக்கிறது. உங்கள் மகனுக்கு இது தெரிந்திருக்கும். பிலிப்பு ரதத்தை நிறுத்தி, மந்திரியை இறக்கி, வெயிலில் நிற்கவைத்துப் பேசவில்லை. தானே ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அதனால் ஆயரிடம் சொல்லி, வாசிப்புப் பட்டியலில் இருந்து அவன் பெயரை எடுத்துவிடுங்கள். காரணம் கேட்டால் ‘நான் வாசிக்கிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். வியாழக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அந்த அதிகாரத்தை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போங்கள். “நாளைக்கு இதை நான் வாசிக்கணும், உனக்கு எங்கே இடிக்குதுன்னு சொல்லு” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அது உங்களுக்குச் சிரமம், கடிதத்திலேயே தெரிகிறது. முடியாவிட்டால் தண்ணீர் சொம்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேசத் தோன்றும்போது ஒரு வாய் குடிக்கலாம்.